இலை உருவிய கை

அத்தியாயம் 14

ரஞ்சிதாவின் கைகளில் அரிப்பு நின்று வெகுநாளாகிவிட்டது. தடம்தான் போகவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கருத்த புள்ளிகள், கடுகு வெடித்துத் தெறித்ததுபோல. மாமியார் கந்தம்மாள் கேட்டபோது வேர்க்குரு என்றாள். சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கிறவளுக்கு வேர்க்குரு வராமல் வேறென்ன வரும் என்று கந்தம்மாளும் தேங்காய் எண்ணெயை எடுத்துக் கொடுத்தாள்.

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது வேர்க்குரு இல்லை என்று தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீளமான கதை இல்லை, அசிங்கமான கதை, அவ்வளவுதான்.

ஓமலூரைத் தாண்டித் தாரமங்கலம் சாலையில் இருக்கிறது அந்த மாடி வீடு. கந்தம்மாளுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவன் சந்திரசேகர் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் மனைவிதான் ரஞ்சிதா. இளையவன் தனசேகர் அந்த மாதிரி வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி அபிநயா. பங்குனியில் அபிநயாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. உடம்பு தேற வாழப்பாடிக்குத் தாய்வீடு போனாள்.

போகும்போது அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "மாடியில என் செர்ரிக்கு மட்டும் தண்ணி ஊத்துங்கக்கா."

அந்தச் செர்ரி குளிர் தேசத்துச் செர்ரி இல்லை, நம் வெயிலில் வளர்கிற புளிப்புச் செர்ரி; நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் தேங்காய்நார்க் கழிவும் கலந்து நிரப்பி, அடியில் செங்கல் கொடுத்து நிறுத்திய மரம். ஆள் உயரம் இருக்கும். வாழப்பாடி வீட்டில் அவள் அப்பா சென்னியப்பன் வளர்த்த மரத்தில் பதியன் போட்டு எடுத்தது. அவர் இறந்ததும் அபிநயாவின் அண்ணன் அங்கிருந்த மரங்களை வெட்டி, காருக்குக் கொட்டகை போட்டுவிட்டான். மிச்சம் இருந்தது இந்த டிரம் மரம் மட்டும்தான். கல்யாணமாகி வந்த வருஷம், சிறு கன்றாக இருந்ததைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். மூன்று வருஷமாகத் தளதளவென்று தழைத்ததே தவிர, ஒரு பூ பூக்கவில்லை.

ரஞ்சிதா தண்ணீர் ஊற்றவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மரம் சீக்கிரம் சாகவில்லை என்ற ஆத்திரத்தில், ஒருநாள் மத்தியானம் எல்லோரும் படுத்திருந்த நேரத்தில் மேலே போய், நுனியிலிருந்து அடிவரை அத்தனை இலையையும் உருவிப் போட்டாள். மொட்டைக் குச்சியாக நின்றது மரம். அபிநயா திரும்பி வரும்போது முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

அப்படி என்ன கோபம்? கேட்டால் சிரிப்பீர்கள். அபிநயா வந்த பிறகு, சாயங்காலமானால் வீடே மாடிக்கு ஏறிவிடும். மாமியார், கொழுந்தன், ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும் ரஞ்சிதாவின் பிள்ளைகள் உட்பட, அந்த டிரம்மைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவார்கள். கீழே அடுப்படியில் ரஞ்சிதா தனியாகச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பாள். 'நீயும் வா' என்று ஒருத்தரும் ஒருநாளும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் காரணம். மனுஷரை வெறுக்க அதற்குமேல் என்ன வேண்டும்.

வைகாசியில் மழை வந்தது. இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. அடுத்த வாரம் மாடியில் வடாம் காயவைக்கப் போன கந்தம்மாள், கீழே கேட்கும்படி கத்தினாள். மொட்டைக் குச்சி முழுக்க இளஞ்சிவப்புப் பூ. ஆனி பிறந்தபோது கிளைக்குக் கிளை சிவப்புப் பழம் தொங்கியது.

"வாழப்பாடிக்காரி கையில மூணு வருசம் மலடா நின்ன மரமுங்க. என்ற மூத்த மருமவ தண்ணி ஊத்துனா, காய்ச்சுத் தள்ளுது" என்று கந்தம்மாள் தெரு முழுக்கச் சொன்னாள்.

ரஞ்சிதா மறுக்கவில்லை. யாராவது மறுப்பார்களா?

அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே ராசிக்காரி என்பதுதான். புது வண்டி வந்தால் சாவி முதலில் அவள் கையில். புது அடுப்பில் முதல் பால் அவள் காய்ச்ச வேண்டும். கோழியை அடை வைக்கக்கூட முட்டையை அவள்தான் எடுத்து வைக்க வேண்டும். புருஷன் வருஷத்தில் பாதிநாள் ஊரில் இல்லை; படிப்பு இல்லை; தாய்வீட்டில் வசதி இல்லை. இந்த வீட்டில் அவளுக்கு இருந்த மரியாதை மொத்தமும் அந்த ஒரு பெயரில்தான் நின்றது.

இனி இன்றைக்கு வருவோம்.

இன்று கட்டுச்சோறு. கந்தம்மாளின் கடைசி மகள் தமிழ்ச்செல்வி பனமரத்துப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ஏழாம் மாதம். தாய்வீட்டுக்காரர்கள் வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு, பழத்தட்டு, பூத்தட்டு, வளையலோடு போய் விருந்து வைத்து, சாயங்காலம் அவளைக் கையோடு கூட்டிவர வேண்டும். பிரசவம் இங்கேதான்.

காலையிலேயே கந்தம்மாள் தீர்மானித்துவிட்டாள். "பழத்தட்டுல நம்ம ஊட்டு மரத்துப் பழம்தான் முன்னால இருக்கோணும். செல்வி மொதல்ல அதத்தான் திங்கோணும். நீயே பறி சாமி. உன்ற கையாலயே கொண்டாந்து குடு."

ரஞ்சிதா முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, எவர்சில்வர் தட்டோடு மாடிக்குப் போனாள். பழங்கள் விரல் பட்டதும் கழன்று வந்தன. கோலிக்குண்டு அளவு, மூன்று வரி ஓடிய சிவப்பு. கந்தம்மாள் மாடிப்படிக் கதவின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். பக்கத்தில் அவள் ஓரகத்தி ராசாத்தி. நல்லது கெட்டது எதற்கும் முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போகிறவள்.

"தனசேகரு வாழப்பாடிக்குப் போயிருக்கான்" என்றாள் கந்தம்மாள். "அந்தப் புள்ளயும் இன்னிக்கு வருது."

ரஞ்சிதாவின் கை நின்றது. "இன்னிக்கேவாங்க அத்தை?"

"நானும் ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டியாடான்னுதான் சொன்னேன். நல்ல காரியத்தன்னிக்கு எதுக்குன்னு. கேக்க மாட்டீங்கறானே."

சொல்லி வாய் மூடவில்லை, கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படியில் காலடி. அபிநயா நேராக மாடிக்குத்தான் வந்தாள்.

மெலிந்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. கதவருகே உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அத்தை" என்று கேட்டுக்கொண்டே திரும்பியவள், மரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அந்த முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை ரஞ்சிதா பார்த்தாள். பங்குனியிலிருந்து அந்த முகத்துக்கு வராத சந்தோஷம் அது. பார்க்கச் சகிக்கவில்லை ரஞ்சிதாவுக்கு.

"காய்ச்சிருச்சா" என்றாள் அபிநயா, ரொம்ப மெதுவாக. கையை நீட்டினாள்.

"தொடாத."

ரஞ்சிதாவின் வாயிலிருந்து அது வந்த வேகத்தில் ராசாத்தியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொன்ன பிறகு காரணம் வேண்டுமே. இருக்கிறதைப் போட்டுச் சட்னி அரைக்கிறமாதிரி, ரஞ்சிதா அந்த இடத்திலேயே ஒரு காரணத்தை அரைத்தாள்.

"எங்கம்மா ஊட்டுப் பக்கம் ஒண்ணு சொல்லுவாங்க அத்தை. குறை விழுந்த பொம்பள கை பட்ட பழத்தை மாசமா இருக்கறவ திங்கக்கூடாதாமா. அவளுக்கும் நிக்காதாமா. நம்ம செல்வி திங்கற பழமாச்சுங்களே, அதுக்குத்தான் சொன்னேன்."

அவள் தாய்வீட்டுப் பக்கம் அப்படி யாரும் சொன்னதில்லை. எந்தப் பக்கமும் சொன்னதில்லை. ஆனால் கந்தம்மாளிடம் இப்படி ஒன்றைச் சொல்வதும் ஆணி அடித்து வைப்பதும் ஒன்றுதான்.

"அட ஆமா" என்று ராசாத்தி தலையாட்டினாள். "நானும் கேள்விப்பட்டிருக்கேன்." எங்கே கேள்விப்பட்டாள் என்பது அவளுக்கே வெளிச்சம்.

கந்தம்மாள் எழுந்து வந்து அபிநயாவின் தோளில் கைவைத்தாள். குரலில் தேன் ஒழுகியது. "மனசுல ஒண்ணும் வெச்சுக்காத சாமி. உன்னைச் சொல்லல. செல்விக்கு நல்லபடியா ஆகோணும், அவ்வளவுதான். இந்த மரத்துப் பக்கம் வராத. கட்டுச்சோத்துலயும் கை வெக்க வேண்டாம். பனமரத்துப்பட்டிக்கும் நீ வர வேண்டாம், ஊட்டப் பாத்துக்கிட்டு இரு. என்ன கண்ணு?"

படியில் தனசேகர் நின்றிருந்தான், மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு. எல்லாம் காதில் விழுந்தது. கைப்பேசியை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்தான்.

அபிநயா நீட்டிய கையை இறக்கினாள். அழவில்லை. ரஞ்சிதாவைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, எதையோ சரிபார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

அப்போதுதான் ரஞ்சிதாவுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

பங்குனியில், விடிகிற நேரம். எல்லாம் முடிந்து அபிநயா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். துணைக்கு இருந்தவள் ரஞ்சிதா மட்டும். அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுத அழுகையைப் பார்த்து, ரஞ்சிதாவுக்கே என்னவோ ஆகிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தாயைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டாள். "எனக்கும் ஆச்சுடி. கல்யாணம் பண்ணுன வருசம், நோம்பிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போன எடத்துல. இந்த ஊட்ல யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அப்பறம் நான் ரெண்டு பெக்கலையா? உனக்கும் பொறக்கும், அழுவாத."

ரஞ்சிதா தன் வாழ்க்கையில் அபிநயாவுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அது இப்போது வந்து கழுத்தைப் பிடித்தது.

தட்டு நிறையப் பழம். பறித்ததும் குறை விழுந்தவள் கைதான் என்று அந்த மாடியில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு அடுப்படியில் ரஞ்சிதாவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. புளிச்சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அபிநயா பின்வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்; அதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கந்தம்மாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ரஞ்சிதாவின் காது அங்கேயே நீண்டது. இப்போது சொல்வாளா? தேங்காய்ச்சோறு கிளறும்போது சொல்வாளா? ராசாத்தி இருக்கும்போது சொன்னால் மதியத்துக்குள் தாரமங்கலம் வரை போய்விடும்.

அபிநயா ஒன்றும் சொல்லவில்லை. தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

ரஞ்சிதா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

அபிநயா மரத்தைத் தொடவில்லை. எட்ட நின்று, குவளையால் டிரம்மின் மண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கிளைகளை மட்டும் கண்ணால் மேலும் கீழும் பார்த்தாள்.

"காஞ்சு உதிர்ந்த இலை காம்போட சுத்தமா கழண்டுடும்க்கா" என்றாள், திரும்பாமலே. "இது எல்லா இடத்துலயும் பட்டை கிழிஞ்சு ஆறியிருக்கு. யாரோ உருவியிருக்காங்க."

"எனக்கென்ன தெரியும்? காத்து மழைல..."

அபிநயா குவளையை வைத்துவிட்டு வந்து, ரஞ்சிதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ரவிக்கைக் கையை முழங்கை வரை தள்ளிவிட்டாள். கருத்த புள்ளிகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

"செர்ரி இலைக்குச் சுணை உண்டு. அப்பா இலை உருவும்போது கை ரெண்டுலயும் சாக்குத்துணி சுத்திக்குவாரு."

ரஞ்சிதாவுக்குப் புரியவில்லை. "உங்கப்பா எதுக்கு உருவுனாரு?"

"காய்க்கத்தான். வருசா வருசம் கோடையில தண்ணிய நிறுத்திடுவாரு. மரம் வாடுனதும் இலைய உருவிடுவாரு. அடுத்த மழைக்குப் பூத்துத் தள்ளும். எனக்கும் சொல்லிக் குடுத்தாரு." அபிநயா மரத்தைப் பார்த்தாள். "எனக்குத்தான் மனசு வரல. மூணு வருசமா வரல. அதான் காய்க்கல. உங்களுக்கு மனசு வந்திருக்கு."

ரஞ்சிதா ரவிக்கைக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். கொல்லப்போனது காய்த்துவிட்ட அவமானம் ஒரு பக்கம். ஆனால் அவள் பயம் அதில் இல்லை. மரத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

"அபி" என்றாள். இதுவரை அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டதே இல்லை. "ஆஸ்பத்திரியில சொன்னதை அத்தைகிட்ட..."

"சொல்ல மாட்டேன்."

ரஞ்சிதாவுக்கு மூச்சு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். அபிநயா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"இன்னிக்குச் சொல்ல மாட்டேன். செல்வி பழத்தைத் திங்கட்டும். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. நல்லபடியா பெத்து எடுத்தாள்னா, நீங்க சொன்னது பொய்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுடும், அதோட போச்சு." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "வேற எதாவது ஆச்சுன்னா, பறிச்ச கையும் குறை விழுந்தவ கைதான்னு அன்னிக்கு அத்தைகிட்டச் சொல்றேன்."

"என்னடி பேசற? அது நானாக் கட்டுன கதை. அப்படி ஒண்ணும் இல்லவே இல்ல."

"அப்ப உங்களுக்கு என்னக்கா பயம்?"

கீழிருந்து கந்தம்மாள் கூப்பிட்டாள். "ரஞ்சிதா. வண்டி வந்துருச்சு. பழத்தட்ட நீ எடு சாமி, வேற யாரும் எடுக்கப்படாது."

வேன் பனமரத்துப்பட்டிக்குப் போய்ச் சேரும்வரை தட்டு ரஞ்சிதாவின் மடியிலேயே இருந்தது. சேலத்து நெரிசலில் இரண்டு தடவை ஜன்னல் வழியே கவிழ்த்துவிடலாமா என்று நினைத்தாள். இரண்டு தடவையும் கந்தம்மாள், "கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு" என்றாள்.

செல்வி பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், முகம் பூரித்து, பார்க்கவே நன்றாக இருந்தாள். கூடம் கொள்ளாத கூட்டம். செல்வியின் மாமியார் சம்பந்தி மரியாதையாக எல்லோரையும் உட்காரவைத்தாள். தட்டுகள் வரிசையாக வந்தன. பழத்தட்டு முன்னால்.

"எங்க ஊட்டு மரமுங்க" என்று கந்தம்மாள் சம்பந்தியிடம் பெருமையாகச் சொன்னாள். "டிரம்முல வெச்சது. என்ற மூத்த மருமவ கைராசி."

செல்வி ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள், சிரித்தாள். "புளிக்குதும்மா. நல்லா இருக்கு." இன்னொன்று எடுத்தாள். அதற்கப்புறம் இன்னொன்று.

"போதும் சாமி" என்றாள் ரஞ்சிதா. "புளிப்பு, வயித்துக்கு ஆகாது."

"தின்னா திங்கட்டும் உடு" என்றாள் கந்தம்மாள். "மசக்கைல எதத் திங்கலாம்னு அலைஞ்ச புள்ள."

ரஞ்சிதாவின் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. வாட்ஸ்அப். அபிநயா.

'செல்வி பழம் சாப்பிட்டாளாக்கா?'

கீழே ஒரு படம். மாடியில் செர்ரி மரம், டிரம்மோடு. காலையில் ரஞ்சிதா பறிக்காமல் விட்டுவந்த பழங்களில் ஒன்றுகூடக் கிளையில் மிச்சம் இல்லை.

நிமிர்ந்தபோது செல்வி நாற்காலியில் நெளிந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். ஒரு கை விலாவில். "என்னமோ ஒரு பக்கமா இழுக்குதும்மா."

கூட்டம் சிரித்தது. காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இழுக்காதா என்றது ஒரு குரல். ஆம்பளைப் பிள்ளை உதைக்கிறான் என்றது இன்னொன்று. செல்வியும் சிரித்தாள். விலாவில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வாயில் காலையில் பிறந்த பொய் அது, அதற்கு அம்மாவும் இல்லை ஊரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இனி செல்வி முனகினாலும் இருமினாலும் தனக்கு இப்படித்தான் இருக்கும், அதுவும் ஒரே வீட்டில், அபிநயா பார்த்துக்கொண்டிருக்கும்போது, என்று நினைத்தபோது பழைய அரிப்பு முழங்கைவரை ஏறியது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கந்தம்மாள் மகளின் முதுகைத் தடவினாள். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ரஞ்சிதா, ராசிக்காரி நீ இருக்கற. உன்ற கையால ஒரு பழம் ஊட்டி உடு சாமி. செரியாப் போயிரும்."

கூடம் முழுக்க அவளைப் பார்த்தது. கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. ரஞ்சிதா தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள்.

செல்வி வாயைத் திறந்தாள்.